சென்னையின் பெயர் தாங்கிய நோய்



கண்நோய்க்கு 'மெட்ராஸ் ஐ' என்று பெயரிட்டதை நாம் சிரித்துப் பேசுகிறோம். நம் ஊரின் பெயரை இன்னொரு நோயும் தாங்கியுள்ளது, அது சிரிக்கத்தக்கதன்று. சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் 1970இல் விவரித்த 'மதராஸ் இயக்க நரம்பணு நோய்' அது. இளமையிலேயே கைகால்களை மெலிவித்து, நாவைத் தளர்த்தி, செவிப்புலனையும் கவர்வது. பெரும்பாலும் ஒருவரையே பற்றும். சில குடும்பங்களில் உடன்பிறந்தாரையும் விடுவதில்லை.

இதனை ஒத்த பரம்பரை நோய் ஒன்றை 1894இல் பிரவுன் என்பார் எழுதிவைத்தார். பின்னர் வியலெட்டோ, வான் லேர் ஆகியோர் பெயர்களும் சேர்ந்தன. பெயர் நீண்டதேயன்றி, நூறாண்டு கடந்தும் மருந்து வரவில்லை! 2010இல், நோயுற்ற குடும்பங்களின் மரபணுக்களை ஆய்ந்தோர் மூலம் ஒன்றைக் கண்டனர். ரைபோபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்தை உயிரணுவுக்குள் ஏற்றும் புரதத்தின் மரபணுவில் பிழை. அச்சத்தையே மிகுதியாக அளித்தபோது நோயாளர் பலர் தேறினர்.

அந்நோயில், பெற்றோர் இருவரும் நலமாயிருந்தே ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமப்பர். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நம்மிடையே இத்தகைய சேர்க்கை எளிதில் நேரும்.

மதராஸ் நோயின் மூலமோ இன்னும் தெளிவாகப் பிடிபடவில்லை. தேடுவோர்க்குக் குருதியும் வேண்டும், குடும்ப வரலாறும் வேண்டும். நாமோ, பெண் கொடுக்க மாட்டார்களே என்றஞ்சிச் சித்தப்பாவின் காது மந்தத்தை வெளியில் சொல்வதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகையில், பாட்டிமார் அருகமர்ந்து, யார் யாருக்கு எவ்வயதில் என்ன வந்தது என்று கேட்டு எழுதி வருவோம்.