இன்றைக்கு யார் பாடு?

சென்னையின் கல்மண்டபம் மார்க்கெட்டில் இறாலுக்கு விலை கேட்டுப் பேரம் பேசுகிறோம். அது எந்தத் தண்ணீரில், யாருடைய முறையில் பிடிபட்டது என்று கேட்பதில்லை. இன்று அந்த முறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் ஊரிலிருந்து வடக்கே, எண்ணூரையும் தாண்டினால் பழவேற்காடு ஏரி. ஏரியில் வளர்ந்த இறால், நீர் வடியும் நேரத்தில் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத் திரும்பும். அது போகிற பாதையில் கழி நட்டுச் சுத்து வலை கட்டினால் நல்ல பிடிப்பு உண்டு. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான்; வலை வைத்திருப்பவர்களோ நிறையப் பேர். கை ஓங்கியவன் வளமான இடத்தை வளைத்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது.

அதற்கு அங்குள்ள மீனவர்கள் கண்ட வழிதான் பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் நாள் மாற்றி நாள் முறை வைத்துக்கொண்டு ஏரியில் இறங்கின. ஊருக்குள்ளே எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்று சுமாரான இடம் வாய்த்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். பங்குள்ள ஆணுக்குத் தலைக்கட்டு என்று பெயர். ஊர் வரியும் அவர் தலையில்தான். முறை மீறி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், அபராதம் போடும். இதற்குப் போலீஸ் ஸ்டேஷன் தேவைப்படவில்லை.

துருக்கியின் அலன்யா மீனவர்களும் இப்படியே சீட்டெடுத்து, தினம் ஒரு இடமாக நகர்ந்து மீன் பிடித்ததை ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். பொதுச் சொத்தை மக்களே கட்டிக்காக்க முடியும் என்று நிறுவிய அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் குப்பத்துப் பெரியவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

இந்தப் பாடு முறையில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அது இந்தக் குப்பங்களின் பட்டினவர் சமூகத்துக்குள் நின்றுவிட்ட உரிமை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் பிற சாதியாருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. பெண்கள் பெயரிலும் தலைக்கட்டு இல்லை. இந்த வேலி விரிந்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. ஏரிக்குத் தெற்கே உள்ள எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அந்தக் கழிமுகத்து ஆற்றிலேயே எண்ணெய் வந்து, படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. கிடைப்பதைப் பகிரத்தான் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியும். செத்த தண்ணீரை என்ன செய்யும்? இந்த ஆற்றையும் ஏரியையும் பற்றி அதிகாரிகள் கூடிப் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் குப்பத்துத் தலைக்கட்டுகளுக்கும், அவர்களுக்குச் சமமாக இருளர்களுக்கும் நாற்காலி போடவேண்டும். கருத்துக் கேட்டு அனுப்பிவிடுவதற்காக அல்ல, முடிவெடுப்பதற்காக.