சிவப்பு மாத்திரைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுவுக்குக் கணக்குப் புத்தகம் பார்க்கப் போயிருந்தோம். புத்தகம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்தால் அதுக்கு அடியில் சிவப்பு மாத்திரை அட்டைகள், பிரிக்காமல் அப்படியே. அந்த வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாசம். "குமட்டுது அக்கா, வெளிக்கு கறுப்பாப் போகுது, புள்ள பெருசாயிடும்னு அத்தை வேற சொல்றாங்க" என்றாள். நாங்கள் திட்டவில்லை. எங்களிலும் சிலர் பிள்ளை உண்டாகியிருந்தபோது அதையேதான் செய்தோம். அந்த மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கு. ஒன்று இரும்புச்சத்து, இன்னொன்று போலிக் அமிலம். அந்த இரண்டாவது மருந்து வந்த கதையை அன்றைக்கு அவளுக்குச் சொன்னோம். அதையே இங்கேயும் சொல்கிறோம்.

லூசி வில்ஸ் என்று ஒரு அம்மா. 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்து 1911-ல் பரீட்சை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது என்று அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை வைத்திருந்தது! பிறகு லண்டனில் பெண்களுக்கென்று இருந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920-ல் டாக்டர் ஆனார். அப்போது வயது 32. முப்பதுக்கு மேல இனி என்ன படிக்கிறது என்று நம் குழுக்களில் சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு ஊசி போடுகிற வேலையை அவர் எடுக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்து நோயின் காரணம் தேடுகிற வேலையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் பம்பாயில் கர்ப்பிணிகள் பலர் ரத்தமில்லாமல் வெளுத்து, மூச்சு வாங்கி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் செத்துப்போனார்கள். துணி மில்லில் வேலை பார்த்த ஏழைப் பெண்களும் அதில் உண்டு. தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று நடந்த விசாரணைக்காக லூசி அம்மா 1928-ல் பம்பாய் வந்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?" என்பது. பாலும் பழமும் காயும் கிடைக்காத வீடுகளில்தான் இந்த நோய் அதிகம் என்று பார்த்தார். உடனே எலிகளுக்கு அதே மாதிரி ஏழைச் சாப்பாட்டைக் கொடுத்துச் சோதித்தார். பிறகு குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்.

நம் ஊர்ப் பக்கமும் வந்திருக்கிறார். 1929-ல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1931 தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில், இன்றைக்கும் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்தார். நம் கூட்டமைப்பிலேயே அங்கே பிள்ளை பெற்றவர்கள் இருக்கலாம்.

கடைசியில் மருந்து எதில் கிடைத்தது தெரியுமா? ஈஸ்டில். ரொட்டி மாவு பொங்குவதற்குப் போடுகிற அதே ஈஸ்ட். அதிலிருந்து செய்கிற மார்மைட் என்று ஒரு கறுப்புப் பசை, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. அதைக் கொடுத்ததும் வெளுத்துக் கிடந்த தாய்மாருக்கு ரத்தம் ஊறியது. ஈரல் சாறும் குணப்படுத்தியது, ஆனால் அது விலை அதிகம். ஏழைக்குக் கட்டுப்படியாவது இதுதான் என்று 1931-ல் எழுதி வெளியிட்டார்.

அதில் இருந்த சத்து எது என்று அவருக்கே அப்போது தெரியாது. 'வில்ஸ் பொருள்' என்று சொன்னார்கள். பத்து வருஷம் கழித்து, 1941-ல், அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று அர்த்தம் வரும் லத்தீன் சொல்லில் பெயர் வைத்தார்கள். அதுதான் போலிக் அமிலம். எலும்புக்குள் புது ரத்த அணுக்கள் முழுசாக முதிர்வதற்கு அது வேண்டும். இல்லாவிட்டால் அணு பெரிதாக, பிஞ்சாகவே நின்றுவிடும். கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடுவதற்கும் அது வேண்டும். அது முதல் மாசத்திலேயே, நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரியும் முன்னேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே சாப்பிடச் சொல்கிறார்கள்.

லூசி அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போவார். ஓய்வு பெற்ற பிறகு தன் பகுதிக்கு கவுன்சிலராகவும் இருந்தார். 1964-ல் காலமானார்.

இப்போது நம் கதைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தலில் பாதிப் பேர் என்று வையுங்கள். கர்ப்பிணிக்கு ரத்தம் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தவளுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காது. வெளிக்குக் கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மாத்திரையோடு காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெட்டியில் போடாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். கீரை, பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாத்திலும் இந்தச் சத்து உண்டு. கீரையை வேகவைத்து அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டால் சத்தும் சாக்கடைக்குப் போகும். எங்கள் வீடுகளிலும் அந்தப் பழக்கம் இருந்தது, இப்போதுதான் விட்டிருக்கிறோம்.

அந்த மருமகள் அன்றைக்கு ராத்திரியே ஒரு மாத்திரை போட்டாள் என்று அத்தையே போனில் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது குழுவில் யார் மாசமாக இருந்தாலும் அவங்க மாத்திரை அட்டையைச் சேமிப்புப் புத்தகத்தோடு சேர்த்து எடுத்துட்டு வாங்க. எத்தனை பிரிச்சிருக்கு, எத்தனை மிச்சம்னு சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.