பழைய காரும் பௌதிகப் பாடமும்



திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்லும் சுலோசன முதலியார் பாலத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பளபளப்பான புதிய வண்டிகளின் இடையே, வண்ணம் மங்கிய சிறிய கார் ஒன்று அடக்கத்தோடு ஊர்ந்து செல்லும். பெரும்பாலும் அது மாருதி 800 ஆகவே இருக்கும். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக மக்கள் கைக்கு வந்த அந்தக் கார், 2014ஆம் ஆண்டு ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில், நம் நாட்டில் 25 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. மூன்று சிலிண்டர்கள், 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, அரிசி மூட்டை ஒன்று ஏற்றினாலே பின்புறம் சற்றுத் தாழ்ந்துவிடும் சிறிய உடல். ஆயினும் ஆசிரியரும், வங்கி எழுத்தரும், சிறு வணிகரும் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய கார் அதுவே. 1990களில் வாங்கிய ஒன்று இன்றும் என் வீட்டு வாசலில் நிற்கிறது.

இத்தகைய பழைய கார்களில் வழக்கமாகத் தோன்றும் பழுதுகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். "பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை, நமக்கு அது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பள்ளியில் நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில் இரண்டு காரணங்கள் சொல்வேன். ஓம் விதி, பாஸ்கல் விதி, கொதிநிலை என்று நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்பவை யாவும் அந்த வண்டிக்குள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அது முதற் காரணம். அந்த விதிகளை அறியாதவர் வீண் செலவு செய்வார். சில வேளைகளில் உயிருக்கே அபாயம் தேடிக்கொள்வார். இது இரண்டாவது காரணம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். சிகிச்சைக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது அங்கே மருத்துவருக்குச் சொல்லப்பட்ட நெறி. யந்திரத்துக்கும் அதுவே நெறி. பழுது தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று என்பதே பழைய காரின் இயல்பு.

முதலில் மின்சாரப் பழுதுகளை எடுத்துக்கொள்வோம். காலையில் சாவியைத் திருப்புகிறோம். "டக்" என்று ஓர் ஓசை மட்டும் கேட்கிறது; எஞ்சின் சுழலவில்லை. உடனே "பேட்டரி போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

கன்னடியன் கால்வாயின் பாசனத்தில் பயிர் செய்யும் உழவரைக் கேளுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், ஆற்றில் நீர் இல்லை என்று அவர் உடனே முடிவு கட்டுவதில்லை. தலைமடையிலிருந்து நடந்து வருவார். மதகில் செத்தை அடைத்திருக்கிறதா, கால்வாயில் மண் மேவியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். மின்னோட்டத்தையும் அவ்வாறே தொடர்ந்து செல்ல வேண்டும். நன்றாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டார் 100 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரி முனையில் வெண்மையும் பசுமையுமாகப் பூத்திருக்கும் உப்பினால் 0.02 ஓம் தடை ஏற்பட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். 100ஐ 0.02ஆல் பெருக்கினால் 2 வோல்ட். அவ்வளவும் அந்த உப்பிலேயே வீணாகிறது. விளக்கு எரியும் சிறு மின்னோட்டத்தில் இந்த இழப்பு தெரியாது. செல்ப் சுழலும் பெரும் மின்னோட்டத்தில்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு மறைவான இடமும் உண்டு. காரின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை. ஆனால் எஞ்சின், அதிர்வைத் தாங்குவதற்காக ரப்பர்க் கட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் உடலையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் "எர்த்து" என்பார்கள். சேரன்மாதேவியில் என் நண்பர் ஒருவர், ஓராண்டுக்குள் இரண்டு புதிய பேட்டரிகள் வாங்கிப் போட்டார். பழுது தீரவில்லை. இறுதியில் இளைஞர் ஒருவர் வந்து, வோல்ட்மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சினிலும் வைத்துக்கொண்டு, செல்ப் அடிக்கச் சொன்னார். சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டிய முள் விறுவிறுவென்று ஏறியது. "அண்ணாச்சி, பேட்டரி ரெண்டுமே நல்ல பேட்டரிதான், எர்த்துதான் அரிச்சுப் போச்சு" என்றார். அந்தப் பட்டையை மாற்றியதும் வண்டி முதல் திருப்பத்திலேயே உயிர் பெற்றது. அந்த இளைஞர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். ஆனால் ஓம் விதியை அவரைப்போல் கையாண்டவரை நான் அதிகம் கண்டதில்லை.

உங்களுக்கு ஒரு புதிர். பின்விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்தால், அந்தப் பக்கத்து விளக்குகள் பிரகாசிப்பதற்குப் பதிலாக மங்குகின்றன. தொடர்பில்லாத விளக்கொன்று அரைகுறையாக ஒளிர்கிறது. ஏன்? வடிகால் அடைபட்டால் வயல்நீர் அடுத்தவன் வயலுக்குள் பாய்வதில்லையா? அதே கதைதான். விளக்குக் கூட்டின் எர்த்துத் துருப்பிடித்ததால், மின்சாரம் வேறு விளக்கின் வழியே வீடு திரும்பப் பார்க்கிறது. துருவைச் சுரண்டித் திருகாணியை இறுக்கினால் போதும்.

செல்ப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லை என்றால், கேள்வி மாறுகிறது. பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் அடைபட்ட ஜெட்டும், கரி படிந்த பிளக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தேய்ந்த காண்டாக்ட் பாயிண்டும் வழக்கமான குற்றவாளிகள். வழக்கத்துக்கு மாறாக எஞ்சின் மிக இலகுவாகச் சுழன்றால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். மேலும் மேலும் செல்ப் அடிக்கலாகாது. பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களிலும் ஒரு கண் இருக்கட்டும். இன்று பெட்ரோலுடன் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் மென்மையாகவோ வெடிப்பு விட்டோ போகலாம். சூடான எஞ்சின் மீது சொட்டும் பெட்ரோல், தீயை வருந்தி அழைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது உஷ்ணம். சித்திரை வெயிலில் சாலையோரத்தில் முன்மூடியைத் திறந்து வைத்து, ஆவி பறக்க நிற்கும் கார்களை நாம் கண்டிருக்கிறோம். "எப்போது சூடாகிறது?" என்ற ஒரு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும். வண்ணார்பேட்டை நெரிசலில் சூடாகி, நான்குவழிச் சாலையில் ஏறியதும் தணிந்தால், மின்விசிறி சுழலவில்லை என்று கொள்ளலாம். ஃபியூசையும், உஷ்ணத்தால் இயங்கும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் காற்று வீசும்போதும் சூடாகிறது என்றால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியவர்களின் ரேடியேட்டரில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் அதே வெண்படலம் படிந்திருக்கும். தாமிரபரணி நீரே ஆனாலும் வேண்டாம். குளிர்விப்பதற்கென்று உள்ள கூலண்ட் திரவத்தையே ஊற்றுங்கள்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அம்மூடியின் சுருள்வில், உள்ளே அழுத்தத்தை உயர்த்திக் கொதிநிலையை 120 டிகிரி வரை கொண்டுபோகிறது. பிரஷர் குக்கரின் தத்துவம் அதுவே. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழுகிறது. கொதிக்காதிருந்த நீர் ஒருசேரக் கொதித்து முகத்தில் பாய்கிறது. குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள்.

நீரைப் பற்றிப் பேசும்போது 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களை இந்த வட்டாரத்தார் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. சந்திப்புப் பேருந்து நிலையமும் அதைச் சூழ்ந்த தெருக்களும் வெள்ளக்காடாயின. எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய காரைக் கண்டதும், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பத் தோன்றும். அதுதான் கூடாது. காற்றை அழுத்திச் சுருக்கலாம். நீரைச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் பிஸ்டன் மேலே எழுந்தால், கனெக்டிங் ராடு வளையும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று, பிளக்குகளை எடுத்து நீரை வெளியேற்றி, எண்ணெய்கள் யாவற்றையும் மாற்ற வேண்டும். அதன் பிறகும் சேறு புகுந்த மின் இணைப்புகள் பல மாதங்கள் கழித்துப் பச்சை பூத்துத் தொல்லை தரும். வெள்ளத்தில் நனைந்த காருக்கு அடுத்த கோடையில் வரும் பழுதுக்கும் வேர் அங்கேதான்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமான பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் காலால் தரும் அழுத்தம், திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் குன்றாமல் செல்கிறது. பாஸ்கல் விதியின் வல்லமை இது. ஆனால் அத்திரவத்துக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஏறத்தாழ 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்துவிட்டால், அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். இனி, காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும் மலைச்சாலையை எண்ணிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தியே வருகிறோம். தட்டுகள் கனன்று, பழைய திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆவியோ சுருங்கக்கூடியது. பெடல் தரைவரை போகிறது, வண்டி நிற்பதில்லை. சமவெளியில் ஐந்தாண்டு குறையேதும் காட்டாத பிரேக், மலையில் ஐந்தே நிமிடத்தில் கைவிடுவது இதனால்தான். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ வந்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள்.

பிரேக் பெடல் நம்மோடு பேசும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்தபடி இருக்கையில் மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்வு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தின் பிரேக் இறுகியோ எண்ணெய் பட்டோ இருக்கிறது.

பழைய வண்டியில் எல்லாப் பழுதையும் ஒரே நாளில் தீர்க்க எவரிடத்தும் பணம் இராது. ஆதலால் வரிசைப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். கதவின் கடகட ஓசையும், ஏறாத கண்ணாடியும் அடுத்த மாதம் வரை பொறுக்கும். முழுதாகத் திருப்பும்போது முன்சக்கரத்தில் கேட்கும் "டக் டக்" ஓசை, ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்ததற்கு அடையாளம். ஒரு வாரத்துக்குள் கவனிக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் கசிவு ஆகிய மூன்றும் ஒரு தெரு தாண்டும் வரைகூடப் பொறா. 15 ஆண்டுகள் கடந்த சொந்தக் காரைச் சோதித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சட்டம் பணிக்கிறது. அச்சோதனை அந்த நாளின் நிலையைத்தான் கூறும். மற்ற நாள்களுக்குப் பொறுப்பு நம்முடையது.

வீட்டில் பழைய கார் உள்ள மாணவர்கள் சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழுது என்ன, எப்போது தோன்றியது, வெயிலிலா மழையிலா, காரணம் என்னவென்று தெரிந்தது என்று எழுதி வாருங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது, "எதை மாற்றப் போகிறீர்கள்?" என்பதோடு "ஏன் மாற்றுகிறீர்கள்?" என்றும் மரியாதையோடு கேளுங்கள். நல்ல தொழிலாளி அக்கேள்வியால் மகிழ்வார். அடுத்த முறை உங்கள் தந்தையாரின் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், கடைக்கு ஓடுமுன் முன்விளக்கைப் போட்டுவிட்டு, அவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். விளக்கு மங்காமலே நின்றால் அதற்கு அப்பாலுள்ள இணைப்புகளைத் தொடர்ந்து செல்லுங்கள்.