கம்பம் வராத தெருவும் கூரைமேல் வெயிலும்
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரசாங்கத்தின் ஒரு கணக்கிலிருந்து தொடங்குறேன். 1997 வரைக்கும் ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தத் தேவைக்காவது மின்சாரம் ஓடினால் போதும், அது மின்மயமான கிராமம். ஒருத்தர் கிணத்துல மோட்டார் ஓடினா மொத்த ஊருக்கும் வெளிச்சம்! 2004-இல் இலக்கணத்தை மாற்றினார்கள். நூற்றுக்குப் பத்து வீட்டில் இணைப்பு இருக்கணும். தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் போயிருக்கணும். அதைத் தனியா எழுத வேண்டி வந்தது பாருங்க. கம்பம் ஊர்த்தெருவோடு நின்றுவிடும் என்பது டெல்லியில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிஞ்சே இருந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க நூற்றுக்கு 67 வீட்டில் மின்விளக்கு. பட்டியல் சாதி வீடுகளில் 59. மிச்சத்தில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்.

சூரிய விளக்கு இந்த இடத்தில்தான் நமக்கு முக்கியமாகிறது. கூரைமேல் ஒரு தகடு, கீழே ஒரு பாட்டரி, ரெண்டு மூணு விளக்கு. அதுக்குக் கம்பம் வேண்டாம், யார் தெருவையும் தாண்டி வர வேண்டாம், யார் தயவும் வேண்டாம். வெயிலை எவனும் மறிக்க முடியாது.

ஆனால் காசு? பாங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்றேன். கர்நாடகத்தில் 1995-இல் செல்கோ தொடங்கிய ஹரீஷ் ஹாண்டே ஒரு தெரு வியாபாரியைப் பற்றிச் சொல்வார். மாசம் 300 ரூபாய் கட்ட முடியாது, தினம் 10 ரூபாய்னா கட்டிடலாம் என்றாராம். கணக்குப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா கூலி தினம் வருது, தவணை மாசம் கேக்குது. எங்க ஃபாரத்தில் பட்டா எண் எழுதக் கட்டம் இருக்கு, அன்றாடக் கூலி எழுதக் கட்டம் இல்லை. தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். சாதா பாட்டரி மூணு நாலு வருஷத்தில் செத்துப்போகும். கடன் முடியுற நேரத்தில் பாட்டரியும் முடியும். அடுத்த பாட்டரிக்கு யார் கடன் தருவா?

வங்காளதேசத்தில் 2003-இலிருந்து தவணைக் கடனிலேயே சுமார் 41 லட்சம் வீடுகளுக்கு இதைக் கொண்டுபோனார்கள். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு நடக்கவில்லை. பிறகு கம்பி வேகமா வந்தது, அரசே இலவசத் தகடும் கொடுத்தது. பாதிக் கடனில் நின்றவர்கள் தவணையை நிறுத்திவிட்டார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பீகாரில் தர்னை கிராமம். 2014-இல் கிரீன்பீஸ் அங்கே ஊருக்கென்று ஒரு சூரிய மின்நிலையம் அமைத்தது. முதலமைச்சர் வந்தபோது ஜனங்க கேட்டது என்ன தெரியுமா? 'அசல் கரண்ட்டு'. ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடுகிற கரண்ட்டு. படிச்சவங்க சிலர் இதை அறியாமை என்றார்கள். எது அறியாமை? பணக்காரத் தெருவுக்குக் கம்பி, நமக்கு மட்டும் ரெண்டு விளக்கு போதும்னு சொல்றதா, அதை மறுக்கிறதா? தகட்டை வாங்கிக்குவோம், கம்பி மேல இருக்கிற உரிமையை விட்டுத்தர மாட்டோம்.

2017-க்குப் பிறகு சௌபாக்யா திட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பி வந்துவிட்டது. 2024-இல் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். சொந்த வீடு இருக்கணும், தகட்டைத் தாங்குகிற கூரை இருக்கணும். நம்ம தெருவில் எத்தனை கூரை தாங்கும்னு நாளைக்கே எண்ணிப் பார்க்கணும். தாங்காத வீடுகளுக்குப் பொது இடத்தில் தகடு வைத்து, வருகிற யூனிட்டை வீட்டு வாரியாக் கழிக்கச் சொல்லி மனு எழுதலாம். மனுவை நான் எழுதித் தர்றேன்.