கருவி எப்போது அழைக்க வேண்டும்?



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப்பாசன வயல்களை அடுத்தே வாகனத் தொழிற்சாலைகள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. தங்கள் பிள்ளைகளுள் பலர் இத்தகைய ஆலைகளில் பணியாற்றக் கூடும். அங்குள்ள ஒரு முறை பம்புசெட்டுக்கும் பயன்படும்.

கார் தொழிற்சாலைகளில் ‘அன்டான்’ என்னும் விளக்குப் பலகை உண்டு. ஜப்பானிய மொழியில் இச்சொல் காகித விளக்கைக் குறிக்கும். வேலை சீராக நடக்கும்வரை பலகை எவரையும் அழைப்பதில்லை. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால், அவர் நிற்கும் இடத்தின் எண் ஒளிரும். மேற்பார்வையாளர் நேரே அங்குச் செல்வார்.

இதற்கு மாறானது பிரிட்டனில் நிகழ்ந்தது. 1994 ஜூலை 24 அன்று மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய் ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில், இரு பணியாளர்கள் முன் 275 எச்சரிக்கைகள் வந்தன. எது முக்கியம் என்று பிரித்தறிய இயலவில்லை.

செல்போன் ஸ்டார்ட்டர் பொருத்தியுள்ள உழவர்களின் நிலையும் இதுவே. மின்சாரம் வந்தது, போனது என்று நாள்தோறும் செய்திகள் குவிந்தால், மோட்டார் நின்ற செய்தியும் அவற்றுள் மறைந்துவிடும். நெல் பூக்கும் தருணத்தில் நீர் தவறினால் பதர் மிகும்.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஒரு பேஸ் இல்லாதபோதும் கிணற்றில் நீர் வற்றியபோதும் மோட்டாரைக் கருவியே உடனே நிறுத்த வேண்டும். மனிதர் வரும்வரை காத்திருந்தால் மோட்டார் கருகிவிடும்.

2. இவ்வாறு நின்றால் மட்டும் தொலைபேசி அழைப்பு வரட்டும். ஏனைய விவரங்கள் குறுஞ்செய்தியாக இருந்தால் போதும். ஸ்டார்ட்டரின் எண்ணுக்குத் தனி மணியோசை வையுங்கள்.

3. ஷிப்டில் இருக்கும் மகனின் எண்ணை மட்டும் பதிவு செய்யாதீர்கள். வயலுக்குச் சென்று பார்க்கக் கூடியவரின் எண்ணே முதலில் இருத்தல் வேண்டும்.

4. கருவி மௌனமாக இருப்பதால் எல்லாம் சரியென்று இருந்துவிடலாகாது. சிம் கார்டின் கெடு முடிந்தாலும் அது மௌனமாகவே இருக்கும். வாரம் ஒருமுறை அழைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வாங்கும்போது விற்பனையாளரிடம், “இது எத்தனை செய்தி அனுப்பும்?” என்று கேட்பதைவிட, “எவற்றை நிறுத்தி வைக்கலாம்?” என்று கேளுங்கள். உழவரின் கவனமும் நீரைப் போன்றதே. வேண்டிய இடத்திற்கு மட்டுமே பாய வேண்டும்.