மெயில் வரலைன்னா கேளுங்க!

(அரசு அலுவலகக் கணினிப் பணியாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் உங்க கவுன்ட்டருக்கு ஓர் அம்மா வர்றாங்க. பையனுக்குக் கல்லூரிச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ் வேணும். போன வாரமே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டையும் கையில் வைத்திருக்கிறார். நீங்கள் எண்ணைத் தட்டினால் திரையில் "பதிவு இல்லை" என்று வருகிறது. "சர்வர் போயிடுச்சும்மா" என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அவங்களுக்கு நாளைக்குக் கடைசி நாள்.

இது நான் கட்டிய கதை இல்லீங்க. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. இரவில் தானாகவே காப்புப் பிரதி, அதாவது பேக்கப், எடுக்க ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தோம். அது தினமும் ஓடத்தான் செய்தது. ஆனால் டிஸ்க் நிரம்பிவிட்டதால், மூன்று வாரமாக அது எழுதிய கோப்புகள் எல்லாமே காலி. பிழைச் செய்தியும் தினமும் மெயிலில் போயிருக்கிறது, மாறுதலாகிப் போன ஒருவருடைய முகவரிக்கு! காகித விண்ணப்பங்களைத் தேடி எடுத்து, ராத்திரி பகலாக மறுபடியும் பதிவு செய்தோம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி! பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல், அந்த வேலை தொடர்ந்து தோற்றுப்போயிருந்தது. எச்சரிக்கை மெயில்களும் கிளம்பின. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறைப்படி கையொப்பம் இல்லாததால், பெறும் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒருவர் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

ஆக, மெயில் வரலைன்னா எல்லாம் நல்லபடியா நடக்குதுன்னு அர்த்தம் இல்லை. இன்னைக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுப் போனா போதும்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் நேரம். லினக்ஸ் சர்வரில் இதற்குக் கிரான் இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். "30 1 * * *" என்று எழுதினால் தினமும் 1.30க்கு ஓடும். ஆனால் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்க. அது யுடிசி நேரத்தில் இருந்தால், அந்த 1.30 நமக்குக் காலை 7 மணி!

இரண்டாவது, ஸ்கிரிப்ட் பொய் சொல்லக்கூடாது. ஒரு கட்டளை சரியாக முடிந்தால் 0 என்ற எண்ணைத் திருப்பித் தரும், வேறு எண் வந்தால் பிழை. தரவை எடுத்து அப்படியே சுருக்கும் கட்டளைக்கு அனுப்பினால், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் எண் மட்டும்தான் தெரியும். எடுப்பது தோற்றாலும் சுருக்குவது ஜெயித்துவிடும்! பாஷ் ஸ்கிரிப்டில் "பைப்ஃபெயில்" அமைப்பைப் போட்டால் இது பிடிபடும். கோப்பின் அளவையும் சரிபாருங்க. நேற்று 2 ஜிபி, இன்றைக்கு 20 பைட் என்றால் அது பேக்கப் இல்லை.

மூன்றாவது, மெயில். கிரான் தானாக அனுப்பும் மெயில், ஸ்கிரிப்ட் ஏதாவது எழுதினால்தான் வரும். அதை நம்பி இருக்காதீங்க. வெற்றியோ தோல்வியோ, தினமும் ஒரு மெயில் போகிற மாதிரி ஸ்கிரிப்டிலேயே எழுதுங்க. தலைப்பிலேயே அலுவலகத்தின் பெயர், தேதி, முடிவு, கோப்பின் அளவு இருக்கட்டும். முகவரி ஆள் பெயரில் வேண்டாம், பதவிப் பெயரில் இருக்கட்டும். ஆள் மாறுவார், நாற்காலி மாறாது.

நான்காவதுதான் முக்கியம். காலை 10 மணிக்கு அந்த மெயிலைப் பார்க்க ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர் என்று பெயர் போட்டுப் பொறுப்பு கொடுங்க. பார்த்ததும் பதிவேட்டில் ஒரு வரி. மெயில் வரவில்லை என்றால் அன்றைக்கே சர்வரில் நுழைந்து பார்க்க வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" கூடாது.

கடைசியாக, மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்க. ஏதாவது ஒரு விண்ணப்ப எண்ணைத் தட்டி, பதிவு வருகிறதா என்று பாருங்க. ஒரு பிரதி கட்டாயம் வேறு கட்டிடத்தில் இருக்கட்டும். ஒரே அறையில் சர்வரும் பேக்கப்பும் இருந்தால், மழைத் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே கொண்டு போகும்.

இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவையில்லை. ஒரு ஸ்கிரிப்ட், ஒரு மெயில், தினமும் உங்கள் இரண்டு நிமிடம். அந்த அம்மாவுக்கு கிரானும் தெரியாது, சர்வரும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சீட்டை நீட்டினால் சான்றிதழ் கிடைக்கணும், அவ்வளவுதான்.

இன்று அலுவலகம் திரும்பியதும் முதல் வேலையா, உங்க பேக்கப் மெயில் யாருடைய முகவரிக்குப் போகுதுன்னு பாருங்க.