லைனின் கடைசி மெஷினிலிருந்து



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நீங்கள் படித்தது ஆடைத் தொழில்நுட்பமும் ஜவுளி மேலாண்மையும். இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் திருப்பூரிலோ, கோவையிலோ, திண்டுக்கல் பக்கத்திலோ ஒரு கம்பெனியில் சேர்வீர்கள். முதலில் டிரெய்னி என்பார்கள். ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம். அதற்குள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து தைக்கும் ஒரு லைன் உங்கள் பொறுப்புக்கு வந்துவிடும். அந்த லைனில் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் அக்காவுக்கு உங்கள் அம்மா வயது இருக்கும். நீங்கள் பிறப்பதற்கு முன்பே தைக்கத் தொடங்கியிருப்பார். அவர் எழுந்து நின்று உங்களை ‘சார்’ என்பார், ‘மேடம்’ என்பார். அந்தச் சொல்லோடு சேர்ந்து உங்கள் கைக்கு வருகிற அதிகாரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எல்லோரையும் அரவணைத்து நடத்தும் தலைமை வேண்டும் என்று இப்போது எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. வரவேற்பறைச் சுவரில் அழகாக அச்சடித்து மாட்டியும் வைத்திருக்கிறார்கள். வரவேற்கவேண்டியதுதான். ஆனால் நான் செக்கிங் மேசையில் தொடங்கி, உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றவள். ஒரு தளத்துக்குள் நுழைந்தால் அங்கே தலைமை எப்படி இருக்கிறது என்று அறிய நான் கவனிப்பது ஒன்றைத்தான். அந்த லைனில் எல்லாரையும்விடக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர், கடைசியாக வந்து சேர்ந்தவர், ‘இது சரியில்லை’ என்று சூப்பர்வைசரிடம் நேராக வந்து சொல்கிறாரா?

ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். பாடத்தில் படித்திருப்பீர்கள். தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி தரவேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த பண்டில் முழுவதையும் தனியே எடுத்து வைத்துச் சோதிக்கவேண்டும். குழந்தைகள் ஆடை தைக்கும் லைனில் இதில் எந்தச் சமரசமும் கிடையாது. இப்போது, வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாளில் ஒரு பெண்ணின் கையில் ஊசி உடைகிறது என்று வையுங்கள். முந்தின நாள் பக்கத்து மெஷினில் இதே போல உடைந்தபோது சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தியதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் என்ன செய்வாள்? கிடைத்த துண்டை மடியில் முடிந்துகொண்டு, பழகிய மெக்கானிக்கிடம் ரகசியமாக ஒரு ஊசி கேட்பாள். கிடைக்காத துண்டு ஏதோ ஒரு குழந்தையின் சட்டையில் ஏறிவிடும். மெட்டல் டிடெக்டர் இருக்கிறதே என்பீர்கள். அது இருக்கட்டும். முதல் டிடெக்டர் அந்தப் பெண்ணின் வாய்தான். கத்தியவர் அதை அடைத்துவிட்டார்.

உடைந்த ஊசியையே சொல்லப் பயப்படுகிறவள், தன்மேல் கைவைக்கிற மேற்பார்வையாளனைப் பற்றி எங்கே போய்ச் சொல்வாள்?

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும், மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை ஏற்கவேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. சட்டம் வந்து ஏழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நடந்த கொலை இது. 

அதன் பிறகு நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்திட்டது. அந்த நிறுவனத்திடம் ஆடை வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பெரிய நிறுவனங்களும் தங்களைச் சட்டப்படி பிணைத்துக்கொண்டன. ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கைவைக்க வாங்குபவருக்குக் கடமை உண்டு என்று எழுதப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகப் பெரிதாகப்படுவது ஷாப் ஃப்ளோர் மானிட்டர் என்கிற ஏற்பாடு. தைக்கிற பெண்களிலிருந்தே சிலரைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் அதே லைனில்தான் வேலை பார்த்தார்கள். பக்கத்து மெஷின்காரி புகாரைத் தாளில் எழுதவேண்டியிருக்கவில்லை, எச்.ஆர். அறைக் கதவைத் தட்டவேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டே மானிட்டரிடம் சொல்ல முடிந்தது. இவள் அதை நிர்வாகத்தின் முன் கொண்டுபோனாள். இவளைப் பழிவாங்கக் கூடாது என்று எழுத்திலேயே பாதுகாப்பு இருந்தது. முன்பு தலை நிமிராமல் தைத்த பெண்கள் நிர்வாகத்தோடு மேசையின் எதிரே உட்கார்ந்து பேசினார்கள். ஒரு உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்கும்போதே இந்த வழி திறந்திருக்கவேண்டும்.

அதே 2021-இன் டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்கு விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று மற்றவர்களுக்குச் சரியாகச் சொல்ல ஆளில்லை, வதந்தி பரவியது. ஊரைவிட்டு வந்து தங்கியிருந்த அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. சாப்பாடு சரியில்லை என்கிற பேச்சு நிர்வாகத்தின் காதில் முதல் வாரமே விழுந்து, அதன்மேல் யாராவது நடவடிக்கை எடுத்திருந்தால், அந்தப் பெண்கள் நெடுஞ்சாலைக்குப் போயிருக்கவேண்டியதில்லை.

கம்பெனியின் கொள்கையையெல்லாம் மாற்ற எனக்கு ஏது அதிகாரம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷிப்மெண்ட் தேதியை நீங்கள் வைப்பதில்லை. சம்பளத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை. ஆனால் உங்கள் கண்ணையும் நாக்கையும் யாரும் கட்டிப்போடவில்லை.

சாயங்காலம் லைனில் ஒரு நடை நடந்து, மெஷின் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால், அந்தப் பெண் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். போகவேண்டுமானால் டோக்கன் வாங்கவேண்டும். லைனுக்கு ஒரு டோக்கன், அதுவும் யாரோ கொண்டுபோயிருப்பார்கள். திரும்பி வந்தால் மெஷினில் பீஸ் குவிந்திருக்கும், டார்கெட் என்னாச்சு என்று திட்டு விழும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்த டோக்கன் முறைதான் நடந்தது. சிறுநீர்த் தொற்றோடு வேலைக்கு வரும் பெண்கள் அங்கே சகஜம். அதற்குத் தீர்வு ஒரு ரிலீவர் டெய்லர். யார் எழுந்து போனாலும் அந்த மெஷினில் உட்காரக்கூடிய, நாலைந்து ஆபரேஷன் தெரிந்த ஒருவர். ஒரு ஆளின் சம்பளம்தான் செலவு. எத்தனை அரை நாள் லீவு மிச்சமாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்வார். அந்தக் கணக்கைப் போடத்தான் உங்களுக்கு இந்தப் பட்டம்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். நம் கம்பெனிகளில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. ‘எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். அடுத்து, ‘ஊரிலே எந்தப் பக்கம்?’ அடுத்து, ‘யார் வீட்டுப் பிள்ளை?’ மூன்று கேள்வியில் தெரிந்துகொண்டுவிடுவார்கள். அதன் பிறகு ஒருவன் ‘நம்ம பையன்’ ஆகிறான், இன்னொருவன் வெறும் பையன் ஆகிறான். நம்ம பையனுக்கு நல்ல மெஷின், காற்றோட்டமான இடம், கல்யாணத்துக்குக் கேட்ட லீவு. துப்புரவுப் பணியாளர் வராத அன்றைக்கு, ‘நீ கொஞ்சம் பார்த்துக்கோப்பா’ என்ற சொல் யாரை நோக்கிப் போகிறது என்று கவனியுங்கள். அது எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். சொல்கிறவர் அதை நினைத்துச் செய்வதுகூட இல்லை. அவ்வளவு பழகிப்போயிருக்கிறது. ஆகவே உங்கள் மனச்சாட்சியை மட்டும் நம்பாதீர்கள், எழுதி வையுங்கள். யாருக்கு எந்த மெஷின், யாருக்கு எத்தனை ஓவர்டைம், யாருக்குப் புது ஆபரேஷன் பழக்கினீர்கள், யாரை உட்காரவைத்தீர்கள், யாரைச் சுமக்கவைத்தீர்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அதில் ஒரு வழக்கம் தெரிந்தால் அன்றைக்கே திருத்துங்கள். ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியை உங்கள் லைனில் யாரும் கேட்க விடாதீர்கள். நீங்களும் கேட்காதீர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் எல்லாரையும் ‘இந்திக்காரங்க’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அவர்களில் ஒடியா பேசுகிறவர் இருக்கிறார், வங்காளி இருக்கிறார், வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசுகிறவர் இருக்கிறார். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரிலிருந்து பலர் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். காவல்துறை இந்தியில் விளக்கம் கொடுக்கவேண்டியிருந்தது, பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துப் போனது. அந்த வாரத்தில் யார் லைன் காலியானது, யார் லைன் காலியாகவில்லை என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊரில் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவந்த சூப்பர்வைசரிடம் பையன்கள் போனைக் கொண்டுவந்து காட்டி, ‘இது நிஜமா?’ என்று கேட்டார்கள். மற்ற லைன்களில் யாரும் கேட்கவில்லை, ராத்திரியே கிளம்பிவிட்டார்கள்.

காது கேளாத டெய்லர்கள் மிக நல்ல வேலைக்காரர்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்கவேண்டும் என்கிறது. சரி, காது கேளாத ஒருவரை வேலைக்கு எடுத்தாகிவிட்டது. கேட்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறோம், எல்லோருக்கும் ஒரே விதி என்கிறோம். அவருக்கு அந்த போன்தான் வாய். எழுதிக் காட்டுவதும், வீடியோவில் கைமொழியில் வீட்டாரோடு பேசுவதும் அதில்தான். தீ அபாய மணி அவருக்குக் கேட்காது, விளக்கு எரியவேண்டும். பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டினால் திடுக்கிட்டுக் கை ஊசிக்குள் போய்விடும், முன்னால் வந்து நிற்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை. அவரிடம் போய் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் போதும், அவரே சொல்லிவிடுவார்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. இன்று பல ஜவுளிக் கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. ஃப்ளோர் மேனேஜர் புருவத்தைத் தூக்கினால் அதில் யாரும் உட்காருவதில்லை. சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டது. உட்காரச் சொல்லவேண்டியவர் அந்த மேனேஜர். உங்களில் சிலர் அந்த வேலைக்கும் போவீர்கள்.

மாணவியரே, உங்களிடம் தனியாக ஒன்று. தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நீங்கள் சூப்பர்வைசராகும்போது, நானும் சத்தம் போட்டால்தான் மதிப்பார்கள் என்று தோன்றும். அப்படித்தான் உங்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்கள். கேட்காதீர்கள். அதைவிட, ஹெல்பராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு மெஷின் பழக்கிவிடுங்கள். நல்ல டெய்லர் ஒருத்தியின் பெயரைச் சூப்பர்வைசர் பயிற்சிக்கு எழுதிக் கொடுங்கள். மேலே போகும்போது உங்களோடு இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

நிறைவாக, இந்தக் கல்லூரியின் தாளாளருக்கும் முதல்வருக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைப் பரிசீலியுங்கள். இங்கே படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு வாரம் ஹெல்பராக லைனில் நின்று வேலை செய்யட்டும். ஒரு பருவமாவது இந்தியக் கைமொழியின் அடிப்படையைக் கற்கட்டும். திண்டுக்கல்லில் மானிட்டராக வேலை பார்த்த பெண்களை அழைத்து, இதே மேடையில் உட்காரவைத்து, அவர்களை வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் கொடுங்கள். ஏற்பாடுகளில் என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.